வாசிக்காமல் விட்ட மூன்று வரி

அண்ணே,

எழுத்து கோணலாக ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆனாலும் எழுபத்திரண்டு வயதில் என் கையால் எழுதுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

போன மாதம், உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் மருமகள் ஒரு பழைய தாளைக் கொடுத்தாள். அந்துருண்டை வாசனை. "மாமாவோட பெட்டியில இருந்துச்சு, அங்கிள். உங்க கைரேகையும் இருக்கு" என்றாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. லாலாகுடா ரயில்வே காலனித் தமிழ்ப் பள்ளிக்கு இன்னொரு வாத்தியார் கேட்டு நிர்வாகத்துக்கு நாம் கொடுத்த மனுவின் நகல்.

அன்று ஒர்க்‌ஷாப் வாசலில் நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். நாங்கள் பதினோரு பேர் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டோம். எனக்கு எழுத்து தெரியாது, நீளம் தெரியும். நீங்கள் வாசித்து முடித்தபோது உங்கள் விரல் தாளின் அடிக்கு வரவில்லை.

"இன்னும் மூணு வரி இருக்கேண்ணே?"

"அதெல்லாம் மரியாதை வார்த்தை. எதுக்கு இவ்ளோ சந்தேகம்? விரலை வை, தம்பி."

வைத்தேன். ஆனால் முப்பது வருடம் அந்த மூன்று வரியை நான் விடவில்லை. அந்த வரிகளில் எங்கள் ரேகையைக் காட்டித்தான் உங்கள் மகனுக்கு மாரெட்பள்ளி கான்வென்டில் இடம் பிடித்தீர்கள் என்று நம்பினேன். உங்களோடு டீ குடித்துக்கொண்டே நம்பினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுவிட்டேன். அந்தத் தாளில் முதலில் படித்தது கடைசி மூன்று வரியைத்தான். 'கைரேகை வைத்துள்ள பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கும் மாலையில் ஒரு வகுப்பு நடத்த வேண்டுகிறோம்.'

தப்பாக நினைத்துவிட்டேன், மன்னியுங்கள். அது முடிந்ததும் வேறு சந்தேகம் வந்தது. ஏன் வாசிக்கவில்லை? எங்களுக்கு ரோஷம் வரும் என்று பயந்தீர்களா? வந்திருக்கும். இரண்டு பேர் சண்டைக்கே வந்திருப்பார்கள். ஆனால் நான் வகுப்புக்கு வந்திருப்பேன், அண்ணே. வாரா வாரம் போய்க் கேட்டோம், பிள்ளைகளுக்கு வாத்தியார் வந்தார். மாலை வகுப்பைப் பற்றி யாரும் போய்க் கேட்கவில்லை. அப்படி ஒன்றை விண்ணப்பித்திருக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாதே.

போன ஞாயிறு எங்கள் வகுப்புக்கு நிரந்தரமாக ஓர் இடம் கேட்டு மனு எழுதினார்கள். என்னை வாசிக்கச் சொன்னார்கள். 'வயதானவர்கள், மெதுவாகத்தான் கற்பார்கள்' என்று நடுவில் ஒரு வரி. அதையும் சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு ஃபிட்டர், "நக்கோ, அது வேணாம், அடி" என்றார். அடித்தோம். அப்புறம்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

எனக்கு இன்னும் ஒன்று தீரவில்லை. அந்த மூன்று வரிக்கு நிர்வாகத்திடமிருந்து பதில் வந்ததா? வந்ததையும் வாசிக்காமல் வைத்துக்கொண்டீர்களா? பெட்டியில் இன்னும் காகிதங்கள் இருக்கின்றனவாம். மருமகளிடம் கேட்டிருக்கிறேன். ஒரு வரி விடாமல் படித்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.