எங்கள் ஊர் தீ வண்டி

ஏப்ரல் 6, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். காற்றும். தைலமரக் காட்டில் சருகு முழங்கால் உயரம். முன்பு இப்படிப்பட்ட நாளில் எங்கள் தீ வண்டியில் தண்ணீர் நிரப்பித் தயாராக வைப்போம்.

பழைய இரும்பு எடுப்பவர் வந்து வண்டியைப் பார்த்தார். ரோட்டில் ஓடத் தகுதி என்று எஃப்.சி. இனிக் கிடைக்காதாம். வியாழன் எடுத்துக்கொள்கிறார். என் வீட்டுக்காரர் "சரிங்க" என்றதோடு சரி. சோறு அப்படியே மிச்சம்.

முதுகுவலித் தைலம் வாங்க மறந்தாச்சு.

ஏப்ரல் 7, செவ்வாய்
தூக்கம் சரியில்லை. பழைய நினைப்பு.

விராலிமலைப் பக்கம் கல் ஏற்றிய மினி லாரிதான் இந்த வண்டி. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் காடு எரிந்துவிடுகிறது என்று ஊர்ப் பையன்கள் சேர்ந்து வாங்கினார்கள். தொட்டி, பம்ப் ஏற்றினார்கள். சிவப்பு பெயின்ட் போதாமல் ஒரு கதவு மட்டும் நீலம். யாருக்கும் சம்பளம் கிடையாது. வீட்டுக்காரர்தான் டிரைவர்.

எங்கள் மாட்டுக்கொட்டகை தீப்பற்றிய அன்றுதான் இவரை முதலில் பார்த்தேன். ஓஸ் குழாய் பிடித்தவர் புகையில் மயங்கி விழ, நான் வண்டியில் ஏறி அதைப் பிடித்தேன்.

"ஏ புள்ள, கீழ எறங்கு!" என்று கத்தினார் இவர்.

"தண்ணியத் தொறந்து விடுங்க, பெறகு திட்டலாம்!"

மாடு கன்று எல்லாம் பிழைத்தன. மறுமாதம் பெண் கேட்டு வந்தார்கள். மாதா கோயிலில் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதே வண்டியில்தான். பட்டுப்புடவையில் டீசல் கறை. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஏப்ரல் 8, புதன்
மதியம் காட்டில் புகை. இவர் சாவியை எடுத்துவிட்டார். வண்டிச் சங்கத் தலைவர் ராசு ஓடி வந்தார்.

"அண்ணே, வண்டியத்தான் வெல பேசி முடிச்சாச்சே?"

"நாளைக்குத்தானப்பா எடுக்குறாங்க. ஏறு."

டவுன் வண்டி பெரிது. மணல் பாதையில் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்றது. எங்களுடையது புகுந்தது. ஓஸ் பிடித்தது நான். இத்தனை வயதில்! கை கொப்புளம். காட்டோரம் அந்தோணி குடும்பத்தின் குடிசைக்குப் பத்தடி முன்னால் தீ அடங்கியது. அந்தோணியின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

திரும்பும் வழியில் எஞ்சின் நின்றது. எல்லோருமாகத் தள்ளி வந்தோம்.

ஏப்ரல் 9, வியாழன்
இரும்புக்காரர் வந்துவிட்டார். ராசு கறாராக, "தொட்டி, பம்பு ரெண்டும் தரமாட்டோம். எங்க டிராக்டர்ல ஏத்திக்கிறோம். வண்டிய மட்டும் எடுத்துக்கங்க."

கட்டி இழுத்துப் போனார்கள். இவர் ரோடு முக்கு வரை கூடவே நடந்தார். வந்து உட்கார்ந்து, "காப்பி இருக்கா?"

இருந்தது. குடித்தோம். இரண்டு பேர் தலைமுடியிலும் புகை வாசம்.