வழுக்காத தரை

அன்புள்ள தேவகிருபைக்கு,

நானும் என் தொப்பையும் சுகம். உன் மூட்டுவலியும் வாயும் எப்படி இருக்கின்றன?

இங்கே ராயபுரத்து ஆஸ்பத்திரியில், இடுப்பு முறிந்தவர்கள் வெந்நீரில் நின்று நடை பழக ஒரு குளத்து அறை கட்டுகிறோம். இன்ஜினியர் கண்ணாடி மாதிரி பளபளக்கும் டைல்ஸ் போடச் சொன்னார். வழுக்கும் என்றேன், கேட்கவில்லை. நேற்று போட்டு முடித்த பாதித் தரையில் தண்ணீரை ஊற்றி, நானே நடந்து காட்டினேன். விழுந்துவிட்டேன். சிகிச்சைக்கு வரும் மீனவர் ராமதாஸ், "இன்னா மேஸ்திரி, எனக்கு முன்னாடி நீயே அட்மிட் ஆயிடுவ போல கீதே!" என்று சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. சொரசொரப்பான டைல்ஸ் வாங்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒன்றுமில்லை, குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் தைலம் அனுப்பு.

தரையைப் பெயர்த்துப் போடவேண்டும். அதனால் ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடும் நம் கோயில் அசனத்துக்கு வர முடியாது. போனில் திட்டாதே, எழுதி அனுப்பு. ரெண்டு தடவை படிப்பேன்.

உன் பொன்ராஜ்