நோரா அக்காவுக்கு, கோதுமை இல்லாத ரொட்டியைப் பற்றி

என் பிரியமான நோரா அக்கா,

"டீச்சர், கோதுமையே இல்லாம ரொட்டி சுட முடியுமா?" என்று நீங்கள் கேட்டது எங்கள் கே.கே. நகர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு. நான் ஓய்வு பெற்ற வருடம் அது. வகுப்பில் ஒரு பெண் இப்படிக் கேட்டிருந்தால், ரொட்டி எதனால் உப்புகிறது என்று திருப்பிக் கேட்டு அவளையே யோசிக்க வைத்திருப்பேன். உங்களிடம் அப்படி முடியவில்லை. உங்கள் முகத்தில் அவ்வளவு பசி இருந்தது. "பாப்போம்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் கன்னியாஸ்திரீயாக மதுரைக்கு வந்து, இங்கேயே நரைத்தவர். எங்கள் பள்ளியில் நீங்கள் ஆங்கிலம், நான் அறிவியல். பிள்ளைகளுக்கு நீங்கள் சிஸ்டர். எனக்கு அக்கா.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். உங்கள் வீட்டில் பேசியது ஆங்கிலம்கூட இல்லை, உங்கள் கடற்கரையின் பழைய மொழி. அவரவர் அம்மா பேசியதை மற்றவருக்குப் பேசத் தெரியாது. நடுவில் மதுரைத் தமிழ்தான் நமக்குப் பாலம். "வாரேன் டீச்சர், வெயில் மண்டையப் பொளக்குது" என்று நீங்கள் சொல்லும்போது ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

உங்கள் வயிற்று வலி பள்ளி முழுக்கத் தெரிந்த விஷயம். வாரத்தில் பாதி நாள் முகம் வெளுத்துப்போய் வகுப்புக்கு வருவீர்கள். எல்லாரும் ஒரே காரணம் சொன்னோம். வெள்ளைக்காரம்மா, நம்ம காரம் ஒத்துக்கவில்லை. சோறும் சாம்பாரும் ஒத்துக்கவில்லை. அதனால் எண்ணெய் இல்லாத சப்பாத்தி கொண்டுவந்தோம். பிள்ளைகளின் அம்மாமார் ரவை உப்புமா கொடுத்தனுப்பினார்கள். நீங்கள் படுத்துவிட்டால் பாலும் ரொட்டிப் பாக்கெட்டுமாக மடத்து வாசலில் ஆள் நிற்கும். நம் ஊரில் காய்ச்சல்காரருக்கு வேறென்ன கொடுப்போம்? நீங்களும் நன்றி சொல்லிச் சாப்பிட்டீர்கள், மறுபடி படுத்தீர்கள்.

கடைசியில் ஒரு டாக்டர், இளைஞர், எதிரில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"வயிறு சரியில்லன்னா என்ன சாப்பிடுவீங்க சிஸ்டர்?"

"ரொட்டி."

"சரியாயிட்டா?"

"சப்பாத்தி."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு பரிசோதனை எல்லாம் நடந்தது. கோதுமையில் இருக்கும் பசை உங்கள் குடலுக்கு ஆகாது, பிறவியிலேயே ஆகாது என்று முடிவாயிற்று. அந்த நோய் உங்கள் நாட்டில் நிறையப் பேருக்கு உண்டாம். வெளியே வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "இம்புட்டு வருசமா ஊரே சேந்து பாசமா எனக்கு விஷம் வச்சிருக்கீங்க டீச்சர்." நானும் சிரித்தேன்.

இட்லியும் ஆப்பமும் உங்களைத் தேற்றின. கன்னத்தில் சதை வைத்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியோடு வந்தீர்கள். உங்களுக்கு வேண்டியிருந்தது கடை ரொட்டி இல்லை. உங்கள் அம்மா அடுப்புக்கரி நெருப்பில் சுட்ட சோடா ரொட்டி. மாவு, உப்பு, ஆப்பசோடா, புளித்த மோர், அவ்வளவுதான். ஈஸ்ட் கிடையாது, ஊறவைப்பது கிடையாது. மோர் பட்டதும் சோடா பொங்கும், அது அடங்குவதற்குள் அடுப்பில் வைத்துவிட வேண்டும். மேலே கத்தியால் சிலுவை கீறுவார்கள். வெந்ததா என்று பார்க்கக் கவிழ்த்துத் தட்டினால் காலிப் பானைச் சத்தம் வர வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது உங்கள் கை காற்றில் மாவு பிசைந்துகொண்டிருந்தது.

என்னிடம் இருந்தது மூடியில் கண்ணாடி வைத்த வட்ட ஓவன். அதில் பச்சரிசி மாவை வைத்து முதல் ரொட்டி சுட்டேன். எங்கள் வீட்டுக்காரர் அதை எடுத்து மேசையில் தட்டினார்.

"சிஸ்டர், காலிப் பானைச் சத்தம் கேட்டீங்க. இது அம்மிக்கல்லுச் சத்தம். பரவால்லயா?"

"அண்ணே, சும்மா இருங்க. டீச்சர் மூஞ்சி வாடுது பாருங்க."

காரணம் எனக்குத் தெரியும். கோதுமை மாவு, பிரேயருக்குப் போகும் ஒன்றாம் வகுப்பு மாதிரி. தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். சோடா ஊதும் காற்று அந்தக் கைகளுக்குள் சிக்கி நிற்கும், ரொட்டி உப்பும். அரிசி மாவு, பள்ளி விடும் மணி அடித்த பிறகு ஓடுகிற பிள்ளைகள். யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை. உங்களை நோகடித்ததும் அந்தக் கைகோப்புதான், உங்களுக்கு வேண்டிய ரொட்டியைத் தாங்குவதும் அதுதான்.

உளுந்து மாவு சேர்த்துப் பார்த்தேன், முட்டை சேர்த்தேன். உங்கள் அம்மாவின் ரொட்டி பழுப்பு நிறம் என்று சொன்னதால் கேழ்வரகும் கலந்தேன். ஒருவாறு நின்றது. இரண்டு துண்டு வெண்ணெய் தடவிச் சாப்பிட்டு, "பக்கத்துல வந்துருச்சு டீச்சர்" என்றீர்கள். மறுநாளே படுத்துவிட்டீர்கள். பழைய வலி, பழைய வெளுப்பு.

கோதுமை எங்கிருந்து வந்தது? தேறி எழுந்ததும் என்னோடு மாவு மில்லுக்கு வந்தீர்கள். நம் ஊரில் அரிசியோடு போகிற யாரும் மில்லில் ஒன்றுதான் கேட்போம், "முன்னாடி மிளகா அரைச்சீங்களா?" நானும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்டேன். நீங்கள் வேறு கேட்டீர்கள்.

"அண்ணே, எங்களுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?"

"கோதும சிஸ்டர். பயப்படாதீங்க, மிளகா இல்ல. சுத்தமா இருக்கு."

எந்திரத்தில் ஒட்டியிருந்த கோதுமைதான் நம் அரிசி மாவோடு வந்திருக்கிறது. அவர் மேல் என்ன தப்பு? வெறும் கையோடு திரும்பினோம். வழியில் சொன்னீர்கள், "போதும் டீச்சர், விட்டுருங்க. திங்கிறதுக்கே பயமா இருக்கு." அந்தப் பயம்தான் எனக்குத் தாங்கவில்லை. ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் மறுக்காமல் கை நீட்டி வாங்கியவர் நீங்கள். அதன் பிறகு காப்பி டம்ளரைக்கூட முகர்ந்து பார்த்தே வாங்கினீர்கள்.

நான் விடவில்லை அக்கா. அரிசியையும் கேழ்வரகையும் வீட்டிலேயே கழுவிக் காயவைத்து மிக்சியில் அரைத்தேன். பழைய சல்லடையை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கினேன். ஆனாலும் ரொட்டி வெட்டும்போது உதிர்ந்தது. அதற்குள் உங்களுக்கு மறுபடி வலி வந்தது. இந்த முறை கோதுமை இல்லை. குடலில் கட்டி என்றார்கள். இந்த நோய் கவனிக்காமல் வருடக்கணக்காக இருந்தால் சிலருக்கு அப்படி ஆகுமாம். டாக்டர் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

மடத்தில் உங்கள் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், பக்கத்து அறையில் இருந்த வயதான சிஸ்டருக்காக யாரோ இசப்கோலைத் தண்ணீரில் கலக்கி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். திரும்பப் பார்க்கும்போது அது டம்ளருக்குள் கெட்டிப் பசையாக நின்றது. மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் அதே உமி. ஒரு பொட்டுக் கோதுமை இல்லாமல் கைகோத்துக்கொள்கிற ஒன்று! உங்களை எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்களோ கண்ணைத் திறக்காமலே, "டீச்சர், அந்த ரொட்டி என்னாச்சு?" என்றீர்கள்.

மறுநாள் காலை அந்த உமியை மோரில் ஊறவைத்துப் பிசைந்தேன். சிலுவை கீறி வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கீறல் விரிந்து மேலே எழுந்தபோது எங்கள் வீட்டுக்காரர் கேலி எதுவும் செய்யவில்லை. கவிழ்த்துத் தட்டினேன். காலிப் பானைச் சத்தம். துண்டில் சுற்றி, சூடு ஆறுவதற்குள் ஆட்டோவில் கொண்டுவந்தேன்.

முகர்ந்து பார்க்காமல் வாயைத் திறந்தீர்கள். ஒரு சிட்டிகையைப் பாலில் தோய்த்து வைத்தேன். நெடுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தீர்கள். விழுங்கியதும் ஒரு நீண்ட வாக்கியம் சொன்னீர்கள். அது தமிழ் இல்லை, ஆங்கிலமும் இல்லை. "என்னக்கா?" என்றேன். புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி மறுபடி அதையே சொன்னீர்கள், என் புறங்கையைத் தொட்டீர்கள், தூங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் தமிழுக்குத் திரும்பவே இல்லை, சில நாளில் போய்விட்டீர்கள்.

மடத்தில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே போயிற்று, அந்த ஓசை மட்டும் நினைவிருக்கிறது. அது கேள்வியா அக்கா? உப்பு போதாது என்றீர்களா? தண்ணீர் கேட்டீர்களா? அம்மாவைக் கூப்பிட்டீர்களா? ரொட்டி சரியாக வந்ததா இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சொல்லிவிட்டார். எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு செய்தி சொல்கிறேன். போன வாரம் சமயநல்லூரிலிருந்து செல்வி என்று ஒரு தையல்காரப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், காய்ந்த குச்சி மாதிரி இருந்தாள். உங்களுக்கு வந்த அதே நோய். நம் டாக்டர்தான் அனுப்பியிருக்கிறார்.

"சொந்தக்காரங்க வீட்டுக்கே போறதில்ல டீச்சர். மதுரைல இருந்துக்கிட்டு பரோட்டா வேணாம்னா, இவளுக்கு எம்புட்டுத் திமிருங்கிறாங்க. மாமியா முகத்தத் தூக்கி வச்சுக்கிறாங்க."

ரொட்டித் துண்டு கொடுத்தேன். அவளுக்கு வெண்ணெய் வேண்டாமாம், பூண்டுச் சட்னி கேட்டாள். தொட்டுத் தின்றுவிட்டு யோசித்தாள்.

"நல்லாருக்கு. ஆனா ரொட்டி மாதிரி இல்ல டீச்சர்."

"பின்ன எது மாதிரி?"

"தெரியல. இன்னொரு துண்டு குடுங்க, சொல்றேன்."

நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்குப் புரிகிற மொழியில் ஒருவர் இந்த ரொட்டியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். செல்விக்கு இந்தக் கைப்பக்குவம் முழுக்க வரும்வரை சனிக்கிழமைதோறும் சுடுவேன். அவள் மாமியாரையும் ஒருநாள் அழைத்து உட்காரவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் புரியவைப்பேன். உங்கள் கடற்கரை மனிதர் ஒருவர் இந்த ஊருக்கு எப்போதாவது வந்தால், நீங்கள் சொன்னதை என் நாக்குக்கு வந்தபடி சொல்லிக் காட்டுவேன். அதுவரை அந்த ஓசையை நழுவவிட மாட்டேன்.

கூடவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. உடம்பு முடியாத ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ரொட்டிப் பாக்கெட் வாங்கக் கடையில் ஏறுவதற்கு முன், "உங்களுக்கு எது ஒத்துக்கும்?" என்று அவரிடமே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தங்கை,
கமலா