அடுத்த தெருவில் வாங்கிய களிம்பு

என்னங்க,

அங்கேயே இன்னொரு வருஷம் வேலை பார்க்கச் சம்மதமா என்று கேட்டுத் தாள் வந்திருக்கிறது என்றீர்களே, அதில் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் வெளியூர் போகுமுன் இரண்டு வருஷமாக, கிட்டே வந்தாலே நான் குறட்டை விட்டேனே, அத்தனையும் நடிப்பு. உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துத்தானே வெளியூர் வேலையைத் தேடிக்கொண்டீர்கள்? நிஜத்தில் எனக்கு வலித்தது. சொல்ல வெட்கம்.

ஒன்றரை மாதத்துக்கு முன் டாக்டரம்மாவிடம் போனேன். "மாதவிடாய் நின்னா ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சிடும், உள்ள வறண்டு போகும். வலிக்குப் பயந்து ஆசையும் ஒதுங்கிக்கும். உங்க மேலயும் தப்பில்ல, அவர் மேலயும் தப்பில்ல" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். பார்த்தால், பத்து வருஷமாக நம் மருந்துக் கடையில் மற்ற பெண்களுக்கு நானே காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, பூசும் விதமும் சொல்லி அனுப்பிய அதே களிம்பு. என் புத்திசாலித்தனத்துக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

கடைப் பெண்கள் பார்த்துவிடுவார்களே என்று அடுத்த தெருக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, "ஏன்க்கா, உங்க கடையில இல்லாததா?" என்றார்.

"உங்க கடை எப்படி ஓடுதுன்னு பாக்க வந்தேன் தம்பி" என்று சமாளித்தேன்.

களிம்பு பூசி இப்போது உள்ளே இருந்த எரிச்சல் போய்விட்டது. நேற்று உங்கள் சட்டையை மடிக்க எடுத்தவள், அரைமணி நேரம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"களிம்பு வலிக்குத்தான். ஆசையைப் பத்தி உங்க வீட்டுக்காரர்கிட்டயே பேசுங்க" என்றும் டாக்டரம்மா சொன்னார். அதை எழுத்தில் பேச எனக்கு வராது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிடைக்கிற வண்டியில் ஏறி வாருங்கள்.

பொறுமை போய்விட்ட
உங்கள் மனைவி