ரிப்பன் கட்டாத கிளை

புரட்டாசி, செவ்வாய் இரவு. அடையாறு.

மழைக்கு முன்னால் எங்கள் அடுக்ககத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் இன்று கிளை கழித்தார்கள். மொட்டையடிக்கக் கூடாது, மறுபடி தழைக்க இடம் விட வேண்டும், பறவைகள் தங்கும் கிளையைத் தொடக்கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோரிடமும் சண்டை போட்டவன் நான். விட்டுவிட வேண்டிய கிளைகளில் மஞ்சள் ரிப்பன் கட்டியதும் நான்தான்.

பறவை தங்கும் கிளைகளில், பட்டுப்போன ஒன்றுக்கு மட்டும் கட்டவில்லை. அதன் பொந்தில் ஒரு ஜோடி ஆந்தை இருப்பது எனக்குத் தெரியும். நேர் கீழேதான் என் புதுக் காரை நிறுத்துவேன். தினமும் எச்சம்.

மரம் வெட்ட வந்த சேகர் மேலிருந்து கேட்டார். "சார், இதுல பொந்து கீது. ரிப்பனக் காணோம். இன்னா பண்ணட்டும்?"

"ரிப்பன் இல்லன்னா வெட்டிடுங்க" என்றேன். அண்ணாந்து பார்க்கவில்லை.

முதல் வெட்டிலேயே இரண்டும் வெளியே பறந்தன. பட்டப்பகல். காக்கைகள் கூட்டமாக ஆற்றுப் பக்கம் துரத்திக்கொண்டு போயின.

இருட்டிய பிறகு, தி. நகர் கடையைச் சாத்திவிட்டு வந்த மாடி வீட்டு நசீமா அக்கா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"நீங்க பேசலைன்னா மொத்தமா வெட்டியிருப்பாங்க தம்பி. அந்த ஆந்தைங்க சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அதுங்க பொந்த விட்டுட்டாங்கள்ல?"

"ஆமாங்க்கா" என்றேன்.

கார் சுத்தமாக இருக்கிறது. மாடியில் அவர் வீட்டு விளக்கு இன்னும் அணையவில்லை.