நாற்பது முள்ளும் ஒரு மோட்டார் சுவிட்சும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மோட்டார் சுவிட்ச் என் கையை விட்டுப் போனது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுக்காரியின் காய்ந்த துணியெல்லாம் மறுபடி நனைந்துவிட்டதாம். இது இரண்டாம் தடவை. வேலையிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இனிமே மோட்டார் பக்கம் போகாதம்மா. காலைல நானே போட்டு நிறுத்திட்டுப் போறேன்" என்றாள்.

கண் போன ஒன்பது வருஷமும் நான்தான் போட்டேன். தொட்டி நிரம்பினால் குழாயில் வழிகிற சத்தம் கேட்கும், போய் அணைப்பேன். பக்கத்து மனையில் கல் அறுக்கும் மிஷின் வந்ததிலிருந்து எது கேட்கிறது? அதைச் சொன்னேன். "சரிம்மா" என்றாள். அந்தச் 'சரிம்மா'வை நான் மறக்கமாட்டேன். இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே வேலை அது.

மெதுவாகத்தான் சொல்கிறேன். போன் எழுதிக்கொள்கிறது. சத்தமாகச் சொன்னால் அவளுக்குக் கேட்டுவிடும்.

மார்ச் 7

டெலிபோன்காரரிடம் புலம்பினேன். பார்வையில்லாதவர்கள் போனில் கூடிப் பேசும் குழுவில் பழக்கம். தொலைபேசி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை கிடையாது. "புலம்புற நேரத்துல ஒரு பஸ்ஸர் பண்ணுங்கக்கா" என்றார். விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கிடைக்கிறதாம். தொட்டியின் மேல்மட்டத்தில் இரண்டு ஒயரைத் தொங்கவிட்டால், தண்ணீர் தொட்டதும் வீட்டுக்குள் பஸ்ஸர் கத்துமாம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் இதைச் சொல்ல அந்த ஆளுக்கு என்ன தைரியம். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

கைத்தடியோடு இரண்டு தெரு நடந்து எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். "யாருக்குப் பாட்டி, பேரனுக்கா?" என்றார் கடைக்காரர். எனக்கு என்றேன். சிரித்தார். வாயை மூடிக்கொண்டு சிரித்தால் எனக்குத் தெரியாதாம். மூக்கால் காற்று வருவது கேட்காதா?

வீட்டில் பிரித்துத் தடவினேன். மேல்பக்கம் பொடிப்பொடியாக ஏதேதோ, விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடிப்பக்கம் ஓரத்துக்கு இருபதாக நாற்பது முட்கள், ஊசி மாதிரி. ஒயரின் முனையை முள்ளில் செருகினால் போதும்.

மார்ச் 13

வீடியோவில் ஒருத்தன் பாடம் எடுக்கிறான். "இந்தச் சிவப்பு ஒயரை இங்கே மாட்டுங்க, கறுப்பை இங்கே." எங்கே? எங்கேடா? பதினெட்டு நிமிஷத்தில் முப்பத்தொரு 'இங்கே'. எண்ணினேன்.

மார்ச் 19

மகளின் பழைய லேப்டாப், அடிக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும். குட்டிக் கம்ப்யூட்டர் என்ன செய்யவேண்டும் என்று அதில் வரி வரியாக அடித்து ஏற்றவேண்டுமாம். டெலிபோன்காரர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, பதினோரு வரி அடிக்க நாலு நாள். சில வரிகளுக்கு முன்னால் இடம் விடவேண்டும், வரிக்கு வரி அளவு மாறினால் ஓடாதாம். எழுத்தைப் படிக்கிற மிஷின் வெற்றிடத்தைப் படிக்கமாட்டேன் என்கிறது. ஒன்றும் இல்லாததை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

மார்ச் 20

பஸ்ஸரை மாட்டினேன். கரண்ட் சொருகும் வாய் எனக்கு எதிர்ப்பக்கம். அங்கிருந்து இடப்பக்கம் முதல் முள்ளில் ஒரு ஒயர், மூன்றாவதில் இன்னொன்று. மனப்பாடம். கரண்ட் கொடுத்ததும் கத்தத் தொடங்கியது — தண்ணீரே இல்லை, தொட்டியே இல்லை, நிற்கவும் இல்லை. "அம்மா, போன்ல இருக்கேன்" என்று மகள் உள்ளேயிருந்து சொன்னாள். பிடுங்கினேன்.

மார்ச் 21

கடைக்குப் போனேன். "கண்ணு தெரியாதவதானேன்னு பழுதான சாமானைத் தலையில கட்டிட்டீங்க" என்றேன். கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், அப்படியே அடங்கிவிட்டது. "அப்படியெல்லாம் இல்ல பாட்டி" என்று அதை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்தார்.

மார்ச் 22

இதுவும் கத்துகிறது. வேணும்னே பண்றான் கடைக்காரன்.

மார்ச் 25

டெலிபோன்காரர் கேட்டார்: "எண்ணும்போது போர்டு எப்படிக் கிடக்கு அக்கா?"

"முள்ளு மேல பாத்து. இல்லாட்டி விரலுக்கு எப்படித் தட்டும்?"

"மல்லாந்து கிடக்கு. மல்லாந்தா இடது வலதாயிடும். நீங்க குத்தினது நேரா கரண்ட் வர்ற முள்ளு, அது கத்தத்தான் செய்யும். கண்ணு இருக்கவங்க மேல பாத்து எண்ணுவாங்க. நாம அடியைத் தடவி எண்ணுவோம். நானும் முதல்ல இதேதான் பண்ணேன்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கடைக்காரரைத் திட்டிட்டிருந்தீங்க. நடுவுல நுழைய இடம் கிடைக்கல."

இரண்டும் நல்ல சாமான்.

மார்ச் 26

பக்கம் மாற்றி மாட்டினேன். பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு ஒயரைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சும்மா இருந்தது. தண்ணீர் ஏறி ஒயரைத் தொட்டதும் கத்தியது. கொட்டினால் நின்றது. ஏழு தடவை செய்தேன்.

சந்தோஷமாக இருக்க விட்டதா இந்த மனசு? என் ஓரகத்தி, வளையலைக் காணோம், நீ எடுத்தியா என்று என்னைக் கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் கேட்டாள். கிடைத்த பிறகு, கொல்லைப்பக்கம் தனியாக வந்து காதில் மன்னிப்பு கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அவளோடு இன்னும் பேசவில்லை.

மார்ச் 28

கடையில் ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். "யாருமில்ல, சொல்லுங்க பாட்டி" என்றார்.

"ஆள் வரட்டும்."

ஒன்றும் கேட்காமல் ஸ்டூல் போட்டார். முக்கால் மணி நேரம். அன்றைக்கு நாலு பேர். இன்றைக்கு மூன்று பேருக்கு மேல் சேரவில்லை. இடுப்பும் ஒத்துழைக்கவில்லை. எழுந்து நின்று, "இவர் குடுத்தது நல்ல சாமான். நான்தான் தலைகீழாப் போட்டுட்டு இவரைப் பழுதுன்னேன்" என்றேன். அந்த மூன்று பேருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. கடைக்காரருக்குப் புரிந்தது. எப்படி எண்ணுவேன் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். இந்த முறை மூக்கில் காற்று வரவில்லை.

ஏப்ரல் 2

பிளம்பர் தொட்டியில் ஒயரைக் கட்டிவிட்டுப் போனார். மகள் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பஸ்ஸர் பக்கத்திலேயே நின்றாள். கத்தியது. "ஒரு வாரம் பாக்கலாம்மா" என்றாள். பார்க்கட்டும். நானும் அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 9

மகளுக்கு இன்று தாமதம். பாதிப் படி இறங்கிவிட்டு, "அம்மா, தண்ணியில்ல, மோட்டார் போட்டுடு" என்று கீழிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போட்டேன். வெளியே கல் மிஷின் அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. சுவிட்ச் பக்கத்தில் நிற்காமல் உள்ளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். வெங்காயம் தீர்ந்து பூண்டுக்கு வந்தபோது கத்தியது. கையைத் துடைத்துக்கொண்டு போய் அணைத்தேன்.