தொட்டுப் பார்க்கச் சொன்ன வரி

இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக இன்று காலை அலுவலகத்தில் ஹீட்டரைப் போட்டார்கள். தூசி சூடேறும் மணம் வந்ததும் உன் நாற்காலியைத்தான் திரும்பிப் பார்த்தேன். அதில் யாருடையதோ சைக்கிள் ஹெல்மெட் கிடந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, உன்மேல்.

அந்த நேரம் பார்த்துப் புது மனேஜர் வந்து, நீ எழுதிய மூன்று வரிகளையும் வெட்டச் சொன்னார். விவரணம் நீளமாம்.

உனக்கு நினைவிருக்கும். ஹீட்டிங் பழுதான வீடுகளுக்கு நம் ஏஐ ஏஜென்ட் ஃபோன் எடுத்துப் பேசும், தமிழிலும் பேசும். அதன் கையில் நாம் கொடுத்த சில கருவிகள். ஆளை அனுப்ப ஒன்று, வந்த முறைப்பாட்டைத் தீர்ந்தது என்று மூட ஒன்று. எதை எப்போது எடுப்பது என்பதை, ஒவ்வொரு கருவிக்கும் நாம் எழுதி வைக்கும் விவரணத்தைப் படித்துத்தான் அது முடிவு செய்யும். மூடும் கருவிக்கு முதலில் இருந்தது ஒரே வரி: பிரச்சினை தீர்ந்தால் மூடு. சுருக்கமாக, சுத்தமாக இருக்கிறது என்று எனக்குத் திருப்தி.

பிறகு வெம்பிளியில் இருக்கும் ஓர் அன்ரியின் அழைப்புப் பதிவைப் பரிசோதனைக்காகக் கேட்டோம். ஹீட்டிங் இப்போது சரியா என்று ஏஜென்ட் கேட்டது. "ஓம் பிள்ளை, பரவாயில்லை. உங்களுக்கும் எவ்வளவு வேலை இருக்கும்" என்றா அவ. முறைப்பாடு மூடப்பட்டது. அடுத்த வாரம் அவவின் மகன் ஃபோன் எடுத்துக் கத்தினான். வீடு அத்தனை நாளும் குளிர்ந்துதான் கிடந்திருக்கிறது.

"இந்த ஏஐ மொடல் சரியில்லை, வேற மொடல் போடுவம்" என்றேன்.

"மொடல் என்னடா செய்யும்? எங்கட சனம் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில நடுங்கினாலும் பரவாயில்லை எண்டுதான் சொல்லும். ஆரையும் கரைச்சல்படுத்தக் கூடாதெல்லோ. எப்ப மூடக்கூடாது எண்டு அதுக்கு ஆர் சொன்னது?" என்றாய்.

நீ எழுதத் தொடங்கினாய். பரவாயில்லை என்று சொன்னதற்காக மூடாதே. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் காத்திரு. சூடாக இருக்கிறது என்று அவர்களே சொன்னால் மட்டும் மூடு.

"என்ன மச்சான், கட்டுரைப் போட்டியோ?" என்றேன்.

"ஓம், முதல் பரிசு எனக்குத்தான். நீ இருந்து கை தட்டு."

அந்த மாதமே டூட்டிங்கில் கொத்து ரொட்டிக்கு முன்னால் இருந்தபோது உனக்கு டொக்டர் ஃபோன் எடுத்தார். வயிற்று நோ எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். "ஃபைன் டொக்டர், மச் பெட்டர்" என்றாய். உன் தட்டில் கொத்து வைத்தபடி அப்படியே இருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தாய்.

"ஏன்டா பொய் சொன்னனீ?"

"அந்தாளுக்கு எத்தினை பேஷண்ட். விடு."

மெஷினுக்கு அவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவன் நீ. உன் உடம்பைப் பற்றி ஒரு மனிதனிடம் ஒரு வரி ஒழுங்காகச் சொல்ல உனக்கு ஏலவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நேர்ஸ் கேட்டபோதும் "நொட் டூ பேட்" என்றாய். வயிற்றில் கை வைத்துப் பார்க்க ஆள் வரும்போது காலம் கடந்துவிட்டது, நீ போய்விட்டாய். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மனேஜரிடம் வாதாடவில்லை. அதே அழைப்பை அவர் முன்னாலேயே இரண்டு விதமாக ஓட்டிக் காட்டினேன், அன்ரியின் இடத்தில் நானே இருந்து பேசினேன். உன் வரிகள் இல்லாதபோது, பரவாயில்லை என்றதும் ஏஜென்ட் நன்றி சொல்லி மூடியது. உன் வரிகளோடு ஓட்டியபோது, "ஒருக்கா ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கோ அம்மா, நான் நிக்கிறன்" என்றது. நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். அது காத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் "குளிராத்தான் இருக்கு" என்றேன். ஆளை அனுப்பும் கருவியை எடுத்தது.

வெட்டும் பேச்சை விட்டுவிட்டு மனேஜர் எழுந்து போய்விட்டார். வரிகள் இருக்கின்றன.

மத்தியானம் குரோய்டனில் ட்ராமுக்கு நின்றபடி உன் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். எப்படி இருக்கிறீங்கள் என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. அவ முந்திக்கொண்டா.

"நான் நல்லா இருக்கிறன் தம்பி. நீர் வேலையைப் பாரும்."

"அன்ரி, இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?"

ட்ராம் வந்தது, கதவு திறந்தது, மூடியது. நான் ஏறவில்லை.

"அடுப்படிப் பக்கம் போகேல்லை தம்பி," என்றா. "மூண்டு நாளாப் போகேல்லை."